வரி நீங்கியது, சுமை நீங்கியதா?

தாம்பரம் மாநகராட்சியில் அமைந்த பம்மல், தோல் பதனிடும் தொழிலோடு வளர்ந்த ஊர். அங்குள்ள ஆலைகளில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர்க்கு இ.எஸ்.ஐ. துணை நிற்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தாங்குகிறது. அதே தெருவில் ஆட்டோ ஓட்டி மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் ஒருவர் இருப்பதாகக் கொள்க. அவர் ஆலைத் தொழிலாளர் அல்லர். அவரது ஆண்டு வருமானமோ 1,80,000 ரூபாய். இரு குடைகளுக்கும் வெளியே நிற்கும் அவர், காப்பீட்டைத் தாமே விலைகொடுத்து வாங்க வேண்டும்.

அவரைப் போன்றோர்க்காகவே அண்மைச் சீர்திருத்தங்கள் வந்தன. 2024இல், 65 வயதைக் கடந்தோரும் புதிதாகக் காப்பீடு பெற வழி திறந்தது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 4 ஆண்டுகளிலிருந்து 3 ஆண்டுகளாகக் குறைந்தது. இவை மனிதநேயம் மிக்க மாற்றங்கள். ஆயினும், நோயுற வாய்ப்பு மிகுந்தோர் கூடுதலாகச் சேரும்போது இழப்பீட்டுச் செலவு உயரும். அது அனைவரின் தவணைத் தொகையிலும் வந்து விழும்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின்மீதான 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி நீக்கப்பட்டது. வரியுடன் 23,600 ரூபாய் செலுத்தியவர் 20,000 செலுத்தினால் போதும். மகிழத்தக்கதே! ஆனால், அடிப்படைத் தொகை ஆண்டுக்கு 10 விழுக்காடு உயர்ந்தால் இரண்டே ஆண்டுகளில் அது 24,200 ஆகிவிடும். வரி விலக்கால், நிறுவனங்கள் தம் செலவுகளுக்குப் பெற்றுவந்த உள்ளீட்டு வரி வரவும் நின்றது. அந்த இழப்பை அடிப்படைத் தொகையில் ஏற்றிவைக்கும் வாய்ப்பும் உண்டு.

2025 சனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மூத்த குடிமக்களின் தவணையைத் தன்னைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 விழுக்காட்டிற்குமேல் உயர்த்தக் கூடாது என்றது. நாற்பத்தைந்து வயது ஓட்டுநருக்கு அந்தக் காப்பு இல்லை. ஓராண்டு கட்டத் தவறிக் காப்பீடு முறிந்தால், புதிய ஒப்பந்தத்தில் காத்திருப்புக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். எனவே உயர்வுக்கான உச்சவரம்பு எல்லா வயதினர்க்கும் வேண்டும். அதனினும் இன்றியமையாதது, வருமான வரம்பைச் சற்றே கடந்த குடும்பங்கள் தம் பங்கைச் செலுத்தி மாநிலத் திட்டத்தில் சேர வழி அமைப்பது. இலவசமாக வேண்டும் என்பதன்று அவர்கள் கோரிக்கை. தாங்கத்தக்க விலையில் ஓர் இடம் வேண்டும் என்பதே.