கேமரா பயிற்சி ஆசிரியரைப் பார்க்கட்டும்

திண்டுக்கல்லில் இருந்து பழனி போகும் சாலையில், பழனிக்குச் சற்று முன்னால் வரும் ஆயக்குடியை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களுக்காக அறிவார்கள். ஒன்று கொய்யா. மற்றொன்று, மரத்தடியில் இலவசமாக நடக்கும் போட்டித் தேர்வுப் பயிற்சி. அரசு வேலைக் கனவோடு பக்கத்து மாவட்டங்களில் இருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். ஆசிரியர் வேலையை எதிர்பார்ப்பவர்கள் தாண்ட வேண்டிய தேர்வு டெட். 150 கேள்விகள், எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. முதல் தாளில் 30 கேள்விகள் குழந்தை மேம்பாடு, கற்பித்தல் முறை பற்றியவை. அந்த முப்பதிலும் முழு மதிப்பெண் வாங்கியவர் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பார், கேள்வி கேட்டால் எத்தனை நொடி பொறுப்பார் என்பதை விடைத்தாள் காட்டிக்கொடுக்காது.

அதைக் காட்ட வேண்டிய இடம் பயிற்சிக் கல்லூரி. திண்டுக்கல் மாவட்டத்துக்கான ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இதே சாலையில், ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறது. இரண்டாண்டுப் பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளி அனுபவத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் வகுத்த விதி. ஆக, படிப்பு முடிவதற்குள் ஒரு பயிற்சி ஆசிரியர் ஏதாவது ஒரு பள்ளியின் வகுப்பறையில் மாதக்கணக்கில் நின்றாக வேண்டும்.

அந்த வகுப்பறை இப்போது மாறிவிட்டது. 2024இல் தொடங்கி, தமிழகத்தில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை. நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹைடெக் லேப். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் கைக்கணினிகள். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு, 2023இல் பாட வீடியோக்களுக்கான மணற்கேணி செயலி. செலவு ஆயிரம் கோடி ரூபாயைத் தொடுகிறது. கருவி இல்லை என்று இனி எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

ஆனால், கருவியை வைத்துப் பாடம் நடத்தப் பழக்கும் விதத்தில் கல்லூரிகள் பெரிதாக நகரவில்லை. பி.எட். பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் இருக்கிறது. ஒரு தாள், ஒரு ரெக்கார்டு நோட்டு, பத்துப் பதினைந்து ஸ்லைடு கொண்ட பவர்பாயிண்ட். முன்பு சார்ட்டிலும் தெர்மாகோலிலும் செய்த வேலை இப்போது திரைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ரெக்கார்டுக்கு அட்டை போட்டு, கையெழுத்து வாங்கி, செய்முறைத் தேர்வன்று மேசையில் அடுக்கிவிட்டால் பயிற்சியாளருக்குத் தொழில்நுட்பம் தெரியும் என்று மதிப்பெண் பட்டியல் சான்று சொல்லும்.

இப்படிப் பழகியவர் ஸ்மார்ட் வகுப்பறைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதைப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களிடம் விளக்கத் தேவையில்லை. விதை முளைத்தல் பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நிமிட வீடியோ ஓடுகிறது. பயிற்சி ஆசிரியர் திரைக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்கிறார். பிள்ளைகள் அமைதியாகப் பார்க்கிறார்கள். அந்த அமைதியைக் கண்டு வகுப்பு நன்றாகப் போகிறது என்று அவரும் நம்புகிறார், பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், அவரை வழிநடத்த வேண்டிய பள்ளி ஆசிரியரான கைடு டீச்சரும் நம்புகிறார். வீடியோ முடிந்ததும் ‘புரிஞ்சுதா?’ என்று ஒரு கேள்வி. ‘புரிஞ்சுது டீச்சர்’ என்று ஒரே குரலில் பதில். அடுத்த வீடியோ.

குறை எங்கே என்பதை அவருக்கு யார் சொல்வது? கைடு டீச்சருக்குத் தன் வகுப்பு, சத்துணவுக் கணக்கு, எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றம் என ஆயிரம் வேலை. கல்லூரிப் பேராசிரியர் வந்து பார்க்கும் நாள்கள் குறைவு. அன்றைக்குப் பாடமும் அலங்காரமாகத்தான் இருக்கும். பயிற்சி ஆசிரியரை விடாமல் கவனிக்கக்கூடியது ஒன்று அவர் பையிலேயே கிடக்கிறது. கைபேசிக் கேமரா. பயிற்சியில் தொழில்நுட்பத்தின் முதல் வேலை அவர் பாடம் நடத்துவதை அவருக்கே காட்டுவதாக இருக்க வேண்டும். ஸ்லைடு செய்வதை அதற்கப்புறம் கற்கலாம்.

இது புதுமையான யோசனை ஒன்றும் இல்லை. பி.எட். படித்த எல்லாரும் கடந்துவந்த மைக்ரோ டீச்சிங் பிறந்த கதையே இதுதான். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் சகாக்களும் அதை உருவாக்கினார்கள். சிறு பாடம், ஒரு கைவிரல் எண்ணிக்கையில் மாணவர்கள், ஒரே ஒரு திறன். கேள்வி கேட்பது என்றால் கேள்வி கேட்பது மட்டும். வீடியோவில் பதிவான தன் பாடத்தைப் பயிற்சியாளர் போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி நடத்துவார். அன்றைய வீடியோ பதிவுக் கருவி விலை எட்டாத பொருள்.

அதனால்தான் இந்தியாவுக்கு வந்தபோது கேமரா கழன்றுகொண்டது. 1970களில் என்சிஇஆர்டியும் பரோடா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் உயர் ஆய்வு மையமும் நம் கல்லூரிகளுக்கு ஏற்றபடி அதை மாற்றியமைத்தன. மாணவர்களுக்குப் பதில் சக பயிற்சியாளர்கள். கேமராவுக்குப் பதில் மேற்பார்வையாளரும் சக பயிற்சியாளர்களும் நிரப்பும் கவனிப்புப் படிவம். ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் கருத்து, 12 நிமிடம் திருத்தி எழுதுதல், ஆறு நிமிடம் மறுபாடம், ஆறு நிமிடம் மறுபடி கருத்து. மொத்தம் 36 நிமிடம். அன்றைய கையிருப்புக்கு அது கெட்டிக்கார ஏற்பாடு. குறை சொல்ல முடியாது.

குறை, இன்றும் அதே படிவத்தோடு நிற்பதில்தான் இருக்கிறது. தோழி நடத்தும் பாடத்துக்குத் தோழி ‘நன்று’ என்று டிக் போடுகிறாள். பயிற்சியாளர்கள் அத்தனை பேரிடமும் கேமரா இருக்கிறது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஆசிரியர்கள் அதே கைபேசியில் பாடத்தைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அப்போது மாணவருக்காகப் பாடத்தைப் பதிந்த கருவி, ஆசிரியர் தன்னையே பார்த்துக்கொள்ள உதவும் என்ற எண்ணம் பயிற்சித் திட்டத்துக்குள் வந்து சேரவில்லை.

ஆறு நிமிடப் பதிவைப் போட்டுப் பார்த்தால் என்னதான் தெரியும்? முதலில் கூச்சம். குரல் வேறு யாருடையதோ போலிருக்கும். கை தேவையில்லாமல் ஆடும். அந்தக் கட்டத்தைத் தாண்டி இரண்டாம் முறை பார்க்கையில்தான் வகுப்பு கண்ணில் படும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு ஓர் உண்மையைச் சொன்னார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி, அல்லது அதற்கும் குறைவு. மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாயே திறக்காதவர்களும் பேசுகிறார்கள். தாம் ஒரு நொடியில் அடுத்த பிள்ளைக்குத் தாவுகிறோம் என்று எந்த ஆசிரியரும் தாமாக நம்ப மாட்டார். பதிவில் நொடிமுள் ஓடுவதைப் பார்த்தால் நம்பியே ஆக வேண்டும். முன்வரிசையில் மூன்று பிள்ளைகளிடமே எல்லாக் கேள்வியும் போனதும், பலகையில் எழுதும்போது முதுகைக் காட்டியபடியே பேசியதும் அங்கே பதிவாகியிருக்கும்.

பாடத்தைப் பதிந்து பார்ப்பது நாடுகள் அளவிலும் நடந்திருக்கிறது. 1995இல் டிம்ஸ் என்ற சர்வதேசக் கணித, அறிவியல் கல்வி ஆய்வின் ஒரு பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் 231 எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோவில் பதிந்தார்கள். ஜப்பானில் பிள்ளைகள் முதலில் கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டுப் பிறகு விளக்கம் கேட்கிறார்கள், அமெரிக்காவில் விளக்கம் முதலில் வந்துவிடுகிறது என்பது பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது துலங்கியது.

திரையைக் கையாளும் திறனும் இந்தப் பழக்கத்தில் இருந்துதான் வரும். மேலே சொன்ன விதைப் பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். அவரை விதை முளைக்கப் பல நாள் ஆகும். அந்த நாள்களை ஒரு நிமிடத்துக்குச் சுருக்கிக் காட்ட வீடியோவால் மட்டுமே முடியும். அது நல்ல பயன்பாடு. ஆனால், முளைவேர் வெளியே வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ‘அடுத்து எது வெளிய வரும்? இலையா, தண்டா?’ என்று கேட்டு மூன்று நொடி பொறுக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இலை என்பார்கள். பிறகு ஓடவிட்டால், வளைந்த தண்டு விதையிலைகளை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வருவது தெரியும். எந்த நொடியில் நிறுத்துவது என்று பாடக்குறிப்பில் எழுதியிருந்தால் அதுதான் தொழில்நுட்பம் தெரிந்த ஆசிரியரின் பாடக்குறிப்பு. அதே ஆசிரியர், ஆயக்குடி வகுப்பறையில் கொய்யாப் பழத்தின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினால் சிரிப்புத்தான் வரும். தோப்பு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பழத்தை வெட்டிக் கையில் கொடுத்தால் போதும்.

கருவியை மட்டும் நம்பியதற்குப் பெரு நாடு கண்கூடான சாட்சி. குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் அங்கே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைக் கொடுத்தார்கள். 2012இல் அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி வெளியிட்ட ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்றது. மறுபக்கம், மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்ற சிற்றூர்ப் பள்ளிக்கு 2009இல் போனவர் ரஞ்சித்சிங் திசாலே. பொறியியலைப் பாதியில் விட்டு ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர். பிள்ளைகளுக்குப் புரியும் மொழிக்குப் பாடத்தை மாற்றி, கியூஆர் குறியீட்டில் கோத்தார். 2020இல் உலக ஆசிரியர் விருது அவரைத் தேடி வந்தது. அவர் பயன்படுத்திய குறியீடு அப்போது எவருக்கும் இலவசமாகக் கிடைத்தது. பிள்ளைகளுக்கு எது தடை என்று பார்த்த கண்தான் அவருடைய முதல்.

கேமரா என்றதும் எழும் பயம் நியாயமானது. பயிற்சியாளர்களில் பெண்களே அதிகம். பாடம் நடத்தும் வீடியோ எந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போகுமோ என்ற கவலையை அலட்சியப்படுத்தக் கூடாது. வகுப்புப் பிள்ளைகளை ரீல்ஸ் ஆக்கி லைக் எண்ணும் பழக்கமும் வேறு பரவிக் கிடக்கிறது. ஆகவே கட்டுப்பாடு கறாராக இருக்க வேண்டும். தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கேமரா பின்பெஞ்சில் இருந்து ஆசிரியரை மட்டும் நோக்க வேண்டும்; பிள்ளைகளின் முகம் விழக் கூடாது. பதிவு பயிற்சியாளரிடமே இருந்து, பார்த்த பின் அழிக்கப்பட வேண்டும். கல்லூரி அதைக் கேட்டு வாங்கவே கூடாது. கல்லூரி கேட்க வேண்டியது ஒரு தாள்: முதல் பதிவில் என்ன கண்டார், இரண்டாம் பாடத்தில் எதை மாற்றினார்.

இதற்குப் புதிய நிதியும் வேண்டாம், அரசாணைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பி.எட். கல்லூரிகளும் ஒட்டன்சத்திரம் நிறுவனமும் வரும் கற்பித்தல் பயிற்சியிலேயே தொடங்கலாம். தொழில்நுட்ப ரெக்கார்டை எடுத்துவிட்டு, அதற்கான மதிப்பெண்ணை இந்த ஒரு தாளுக்குக் கொடுக்கட்டும். பயிற்சியின் ஒரு பகுதியாவது ஸ்மார்ட் வகுப்பறை உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் கட்டாயமாக அமையட்டும். பயிற்சியாளரைத் தன் வகுப்பில் ஏற்றுக்கொள்ளும் கைடு டீச்சருக்கு அந்த வாரங்களில் பதிவேற்ற வேலைகளில் இருந்து விலக்குக் கொடுங்கள். பதிவைப் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பார்க்க அவருக்கு அரை மணி நேரமாவது கிடைக்கும்.