பழைய மொறிஸ் மைனரில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு காரை ஒருவருக்குப் பிடித்துப் போவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்வார்கள். வேகம், சொகுசு, பெருமை. மொறிஸ் மைனரிடம் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. முதலில் வந்த மைனரின் 918 சி.சி. எஞ்சின் தந்தது 27 குதிரைவலுவும் கொஞ்சமும்தான். இன்றைக்கு வீதியில் ஓடுகிற சில மோட்டார் சைக்கிள்களே அதைவிடக் கூடுதல் வலு தருகின்றன. மணிக்கு 100 கிலோமீற்றரைத் தொடுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். சொகுசு என்று பார்த்தால் குளிரூட்டியும் இல்லை, பவர் ஸ்ரியரிங்கும் இல்லை. பெருமையாவது உண்டா? இங்கிலாந்தில் இது தாதிமாரும் பாதிரிமாரும் பள்ளிக்கூட ஆசிரியர்களும் ஓட்டித் திரிந்த கார்.

அப்படியிருந்தும், 1971ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன இந்தக் காருக்காக இன்றைக்கும் சங்கம் வைத்திருக்கிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதன் அடியில் படுத்துக் கிடக்கிறார்கள். இங்கிலாந்தில் மட்டுமல்ல, நியூசிலாந்திலும் இலங்கையிலும் இந்தப் 'பைத்தியம்' உண்டு. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

அழகு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் மைனரின் அழகைப் பற்றி முதலில் கருத்துச் சொன்னவர் அதைத் தயாரித்த கம்பனியின் அதிபரே. நஃபீல்ட் பிரபு என்று பட்டம் பெற்ற வில்லியம் மொறிஸ், அதைப் பார்த்துவிட்டு, உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம்! அரிதான பொருள் என்பதால் ஆசை வருகிறது என்றும் சொல்ல முடியாது. 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் அதுதான். 1960 டிசம்பரில் அந்த எண்ணிக்கையைத் தொட்டபோது, அதைக் கொண்டாட ஊதாப்பூ நிறத்தில் சுமார் 350 கார்களைத் தனியாகச் செய்தார்கள். ஊரெல்லாம் இருந்த காரை அரிய கார் என்று எப்படிச் சொல்வது?

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 'மினி' காரை உருவாக்கிப் புகழ்பெற்றவர் இவர்தான். மைனர் மக்கள் பார்வைக்கு வந்தது 1948இல், இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில். அதே கண்காட்சியில்தான் ஜாகுவார் எக்ஸ்.கே.120 என்ற பந்தயக் குதிரையும் அறிமுகமானது. கூட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உற்பத்திக்குப் போவதற்குச் சற்று முன்னர் இசிகோனிசுக்குக் காரின் அகலத்தில் திருப்தி வரவில்லை. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, கண்ணுக்குச் சரியாகப் பட்ட இடத்தில் நிறுத்தினார். நான்கு அங்குலம் கூடியது. மைனரின் பொனற் நடுவில் ஒரு தட்டையான பட்டை ஓடுகிறதே, அது அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு. அதற்குள் பழைய அளவில் பம்பர்களைச் செய்து வைத்துவிட்டார்கள். ஆகவே அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். ஒரு கார் செய்யப்பட்ட கதை அதன் முகத்திலேயே தெரிவது அபூர்வம். மைனரை விரும்புகிறவர்கள் புதிதாக வருகிறவருக்கு முதலில் காட்டுவது இந்தப் பட்டையைத்தான்.

காதலின் முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. மைனர் எதையும் மறைப்பதில்லை. தன்னை முழுவதும் தெரிந்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. சாவியைத் திருப்பினால் எஸ்.யு. பெற்றோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்கும். அந்தச் சத்தம் கேட்கவில்லையா? பொனற்றைத் திறந்து ஸ்பனரின் பின்பக்கத்தால் பம்பில் ஒரு தட்டு. பெரும்பாலும் அது போதும். உள்ளே மின்தொடுகை முனைகள் அழுக்கேறிப் போயிருக்கும், அவ்வளவுதான் விசயம். 1961 வரை வந்த மைனர்களில் திரும்பும் திசையைக் காட்ட விளக்குக்குப் பதிலாகக் கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு சின்னக் கை நீளும். சில நேரம் அது நீளாது. பக்கத்துச் சட்டத்தில் ஒரு குத்து விட்டால் நீளும்.

இதெல்லாம் சிரிப்புக்குரிய குறைகள். ஆபத்தான குறையும் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்குகிற 'ட்ரனியன்' என்ற மரையுள்ள பாகத்துக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் அப்படியே மடிந்து விழுந்துவிடும். மைனர் வைத்திருப்பவர் யாரிடம் பேசினாலும் பத்து நிமிடத்துக்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். குறையே இல்லாத பொருளை மனிதர்கள் மெச்சுவார்கள். எந்தக் குறை எங்கே இருக்கிறது, அதற்கு என்ன மருந்து என்று தெரிந்த பொருளைத்தான் நேசிப்பார்கள். வீட்டில் இருக்கிற வயதானவர்களோடு பழகுவது மாதிரித்தான் இதுவும்.

இரண்டாவது காரணம் தேவை. இலங்கையின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதிய கார் என்பது சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாக் கனி. ஆகவே ஏற்கெனவே வந்து இறங்கியிருந்த மொறிஸ் மைனர்களும், ஒஸ்ரின் ஏ-40, கேம்பிறிஜ் கார்களும் இருபது முப்பது வருடம் ஓடியே ஆகவேண்டியிருந்தது. அப்பன் ஓட்டிய காரை மகன் ஓட்டினான். துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டினார்கள். கிடைக்காத பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்து எடுத்தார்கள்.

அந்தக் கார்களின் இலக்கத் தகட்டிலும் நாட்டின் வரலாறு இருக்கிறது. 1957க்கு முன்னர் பதிவானவற்றில் ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள். அதன்பின் பதிவானவற்றில் சிங்கள 'சிறீ'. அந்த ஒற்றை எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டமும், 1958இல் 'சிறீ' எழுத்தின் மீது பூசப்பட்ட தாரும் பாடப்புத்தகத்தில் படிக்கவேண்டிய சங்கதிகள். அந்தக் காலத்து மைனர் ஒன்றின் பின்பக்கத்தைப் பார்த்தால் அது கண்முன்னே நிற்கும்.

1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது இந்தக் கார்களின் உண்மையான சோதனை தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. ரோர்ச் பற்றறி முதல் சவர்க்காரம் வரை தட்டுப்பாடு. கிடைத்தது மண்ணெண்ணெய் மட்டும்தான், அதுவும் அளவோடு, கூடிய விலையில். பழைய கார்களை அதிலேயே ஓட வைத்தார்கள். ஒளித்து வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவது. எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடுவது. பற்றறி பலவீனமா? முன்னால் கைபிடிக் கம்பியைச் செருகிச் சுழற்றுவது. பின்னால் வெள்ளைப் புகையும் கண்ணை எரிக்கும் மணமும் வரும். வரட்டும், கார் ஓடியதே!

இது மாயமந்திரம் அல்ல. மண்ணெண்ணெய் குளிரில் இலகுவாக ஆவியாகாது. அதனால்தான் முதலில் பெற்றோல் தேவைப்பட்டது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவும் மிகக் குறைவு. அதிக அமுக்கம் உள்ள இன்றைய எஞ்சினில் ஊற்றினால் நேரத்துக்கு முன்பே வெடித்து 'நொக்' அடித்து எஞ்சின் கெட்டுவிடும். 1952இல் மைனருக்கு வந்த 803 சி.சி. எஞ்சினின் அமுக்க விகிதம் வெறும் 7.2. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் கிடைத்த தரம் குறைந்த பெற்றோலுக்காக அப்படிச் செய்திருந்தார்கள். அந்தக் காலத்து பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருளுக்கு மாறும் விதமாகவே செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? படிக்காமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எரியாத மண்ணெண்ணெய் வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும் என்பதையும், ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டும் என்பதையும் அனுபவத்தில் கற்றார்கள். இலத்திரனியல் பாகம் ஒன்றுகூட இல்லாத எளிமைதான் அந்தக் கார்களைக் காப்பாற்றியது. வைத்தியசாலைக்கு ஆளைக் கொண்டுபோவதற்கும் கலியாண வீட்டுக்குப் போவதற்கும் அவைதான் உதவின.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இந்தக் கதையை இப்போது சொல்லும்போது இனிப்பாகத்தான் இருக்கிறது. பழைய கார்ப் பிரியர்கள் பலர் இதை வீரக்கதையாகச் சொல்லி மகிழ்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கார்களை ஓட்டியவர்கள் காதலால் ஓட்டவில்லை, வேறு வழியில்லாமல் ஓட்டினார்கள். அவர்களிடம் ஒரு புதிய காரையும் நாலு கலன் பெற்றோலையும் கொடுத்திருந்தால் மைனரைத் திரும்பிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே. அந்தத் தடை ஒரு கொடுமை. கொடுமையில் பிறந்த கெட்டித்தனத்தை மெச்சலாம், அதற்காகக் கொடுமையை மறந்துவிடக் கூடாது. அதேபோல மைனரின் எளிமையைப் புகழ்கிறவர்கள், அதில் காற்றுப்பை இல்லை, பழையவற்றில் சீற் பெல்ற்றும் இல்லை, பிறேக் பழைய ட்ரம் வகை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இன்றைய கார் ஒரு விபத்தில் உயிரைக் காக்கும் அளவுக்கு மைனர் காக்காது. புகையிலும் இன்றைய கார் எவ்வளவோ மேல்.

அப்படியானால் இந்தக் காதலுக்கு என்ன மதிப்பு? மதிப்பு இருக்கிறது. ஆனால் அது காரின் விலையில் இல்லை. 2020 மார்ச்சில் இலங்கை மறுபடியும் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவைத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கோ போனது. மைனரைக் காதலிக்கிறேன் என்று சொல்கிறவர்களில் இரண்டு சாதி உண்டு என்பது இப்படியான நேரத்தில்தான் தெரியவரும். ஒரு சாதிக்கு அதன் சந்தை விலை தெரியும். மற்றச் சாதிக்கு அதன் ட்ரனியன் எங்கே இருக்கிறது என்று தெரியும். முதல் சாதியினர் காரைப் பளபளவென்று பெயின்ற் அடித்து, துணி போட்டு மூடி, வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சிக்குக் கொண்டுவருவார்கள். இரண்டாவது சாதியினரின் கைவிரல் நகத்தில் எப்போதும் கிறீஸ் இருக்கும். காரை உயிரோடு வைத்திருப்பவர்கள் இவர்கள்தான்.

இங்கிலாந்தில் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர் இதை ஒரு கொள்கையாகவே சொன்னார். சில வருடங்களுக்கு ஒருமுறை கார் மாற்றுவதை விட, திருத்தக்கூடிய ஒரே காரைக் காலம் முழுதும் பராமரித்து ஓட்டுவதுதான் சிக்கனம் என்பது அவர் வாதம். 1982இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். மைனருக்கான பாகங்களைச் செய்ய இலங்கையில் ஒரு தொழிற்சாலை உருவாகவும் அவர் காரணமாக இருந்தார். இங்கிலாந்தில் பிறந்த காருக்கு இலங்கையில் தகரம் அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். இறக்குமதித் தடைக் காலம் முழுவதும் பழுதுபார்த்துப் பழகிய கைகள் இந்த நாட்டில் இருந்ததால் அல்லவா இது முடிந்தது?

அந்தக் கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. மண்ணெண்ணெயில் கார் ஓட வைத்தவர்கள் அறுபது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களது வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. கார்களைச் சேகரிக்கப் பணம் செலவழிக்கிறவர்கள் அதில் ஒரு பங்கை இதற்குச் செலவழிக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரை அந்த மெக்கானிக்குகளிடம் அனுப்பி, அவர்கள் சொல்வதை எழுதவும் படம் பிடிக்கவும் வைக்கலாம். ஒரு மைனரைக் கழற்றிப் பூட்டப் பழகிய மாணவன் நாளைக்கு மின்சாரக் காரைத் திருத்தப் போனாலும், பழுது எங்கே என்று தேடும் புத்தி அவனுக்கு இருக்கும். 'மூடி முத்திரை வைத்த பெட்டி, திறக்காதே' என்று கம்பனி சொன்னால், ஏன் என்று கேட்கும் துணிவும் இருக்கும்.

துணி போட்டு மூடிய கார் துருப்பிடிக்க நாளாகும், உண்மைதான். ஆனால் அதைத் திருத்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத காலத்தில் அது காராக இருக்காது, காரைப் போன்ற ஒரு பொம்மையாகத்தான் இருக்கும். மொறிஸ் மைனர் மீது உண்மையாகவே ஆசை வைத்தவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவுவதற்குப் பதிலாக, பக்கத்தில் ஒரு பொடியனை இருத்தி, கிறீஸ் எங்கே அடிப்பது என்று காட்டிக் கொடுக்கட்டும்.