சோறு மட்டும் சாப்பாடு ஆகுமா?



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "கொரோனாவில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அரசு அரிசி கொடுத்தது. இலவசம் கொடுத்தே மக்களைக் கெடுத்துவிட்டார்கள்." அங்கே ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 ஏப்ரலில் காரைக்கால் டவுனிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். வீட்டு வேலை செய்பவள். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "சார், அரிசி இருக்கு. குழம்பு வைக்கத்தான் ஒண்ணும் இல்ல. பிள்ளைங்களுக்கு ரசம் ஊத்தியே போடறேன்" என்றாள். பட்டினியா அது? கணக்கில் இல்லை. சாப்பாடா அது? அதுவும் இல்லை.

கணக்கு வாத்தியார் கணக்கே போடுகிறேன். அப்போது மத்திய அரசு கொடுத்தது ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, குடும்பத்துக்கு 1 கிலோ பருப்பு. நான்கு பேர் வீட்டில் அந்தப் பருப்பு ஆளுக்கு நாளைக்கு 8 கிராம். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து நாளைக்கு 85 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மீதிக்கு எங்கே போவாள்? ஊரடங்கில் கடலுக்குப் போக முடியவில்லை, அதைத் தொடர்ந்து மீன்பிடித் தடைக்காலம். ஏழை வீட்டுக்கு மலிவாக வந்த மத்தியும் நின்றது. பள்ளிக்கூடம் பூட்டியதால் மதியச் சோறும் முட்டையும், காலைப் பாலும் நின்றன.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ரேஷனில் அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் என்ற சோதனை 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் நம் புதுச்சேரியிலும்தான் தொடங்கியது. பிறகு நம் அரசின் இலவச அரிசியும் பணமாக மாறியது. சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்கு 600 ரூபாய், அதாவது கிலோ 30 ரூபாய். கடையில் அரிசி 50 ரூபாய் விற்றால் அந்த 600க்கு 12 கிலோதான். விலை ஏறினால் தொகை ஏறாது. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். வங்கியில் விழுந்த பணம் கடன்காரனுக்கும் போகும், டாஸ்மாக் போல வாசலில் திறந்திருக்கும் சாராயக்கடைக்கும் போகும். மூட்டையில் வந்த அரிசி அடுப்புக்குத்தான் போகும்.

எல்லையைத் தாண்டினால் பேரளம். அங்கே என் தங்கை வீட்டில் ரேஷன் கடை திறந்தே இருந்தது. அரிசி, பருப்பு, பாமாயில், சர்க்கரை. ஒரே காவிரித் தண்ணீர், ஒரே மண். அட்டையின் நிறத்தில் மட்டும் இத்தனை வித்தியாசமா?

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. வயிறு நிறைந்தும் இரத்தம் ஊறவில்லை என்பதுதானே இதற்கு அர்த்தம்? இலவசத்தால் கெட்டவர்களை எனக்குத் தெரியாது. மூன்றாவது பீரியடில் மேசையில் தலை சாய்த்த பிள்ளைகளை நிறையத் தெரியும். அவர்களை அடித்ததற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

2024 அக்டோபரில் நம் ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தன. சந்தோஷம். ஆனால் அரிசி வந்தது போதும் என்று நின்றுவிடாதீர்கள். பருப்பும் எண்ணெயும் மாதந்தவறாமல் வரவேண்டும். பள்ளி லீவு விட்டாலும் பிள்ளைக்கு முட்டை கிடைக்க வேண்டும். உங்களில் பலர் அரசு வேலையில் இருக்கிறீர்கள், சிலர் கட்சியில் இருக்கிறீர்கள். கேளுங்கள், கேட்க வையுங்கள்.

அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. நீயும் என் பள்ளியில் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்றவன்தானப்பா. அந்தச் சோறு உன்னைக் கெடுக்கவில்லையே.

அன்புடன்,
உங்கள் சார்