விடுதலையானவனும் குற்றவாளியாம்!

கூலி உயர்வு கேட்டு மறியலில் உட்கார்ந்த வாலிபன்மீது போலீஸ் வழக்கு. வாய்தாவுக்கு அலைந்தே கூலி போயிற்று. கடைசியில் 'சந்தேகத்தின் பலனை' அளித்துக் கோர்ட் விடுதலை செய்கிறது. தீர்ந்ததா?

அவன் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டுப் பார்க்கட்டும்! தமிழ்நாடு போலீஸ் பணி விதி குறுக்கே நிற்கும். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சி சொன்னதால் விடுதலையானவரையும் குற்றவழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டுமாம். 2008ல் சென்னை ஹைகோர்ட்டின் முழு பெஞ்சும் இதற்குத் தலையசைத்தது. சாட்சி கொண்டுவர வக்கற்றது போலீஸ். வேலை போவது இவனுக்கு!

'கௌரவமான விடுதலை' வாங்கி வா என்கிறார்கள். அப்படியொரு சொல் குற்றவியல் சட்டத்தில் கிடையாது. 2012ல் சுப்ரீம் கோர்ட்டே ஒப்புக்கொண்டது. இல்லாத சரக்கை எந்தக் கடையில் வாங்குவது?

வேடிக்கை இன்னொன்று. குற்றம் ருசுவாகி, 1958ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டப்படி விடப்பட்டவனுக்கு அந்தத் தீர்ப்பால் தகுதி போகாது என்கிறது 12வது பிரிவு. நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் குற்றவாளிக்கு உள்ள நிழல் நிரபராதிக்கு இல்லையே!

ஹைகோர்ட்டில் ரிட் போடலாமே என்பார்கள். சென்னைக்கோ மதுரைக்கோ போய் வக்கீல் பீஸ் கட்ட, நடவுக்குப் போகும் தாயிடம் என்ன இருக்கிறது? சர்க்காரே, அந்த விளக்கத்தை விதியிலிருந்து நீக்கு! விடுதலை செய்யும் மாஜிஸ்திரேட்டே, அதே தீர்ப்பில், போலீஸ் ஏட்டிலிருந்து பெயரை அடிக்க உத்தரவிடும்படி சட்டம் செய்!