மூன்று வீதத்திலிருந்து தொடங்குவோம்

யாழ்ப்பாணத்தில் ஏன் எல்லாரும் அரசாங்க வேலைக்கே ஓடுகினம் எண்டு கேட்டால், ஓய்வூதியம் எண்டு பதில் வரும். இன்னொரு காரணமும் இருக்கு. அரச ஊழியருக்கு ‘அக்ரஹார’ மருத்துவக் காப்புறுதி உண்டு. திருநெல்வேலிச் சந்தியில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்யிற பெடியனுக்கோ, தையல்கடைப் பிள்ளைக்கோ பெரும்பாலும் அப்பிடி எதுவும் இல்லை. வருத்தம் வந்தால் முதலாளியின்ர மனசுதான் காப்புறுதி.

இதுக்காக முதலாளிமாரை மட்டும் திட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. 2022இல் ரூபாய் விழுந்தபோது, அந்த ஏப்ரலில் மட்டும் 60 மருந்துகளின் உச்ச விலை 40 வீதம் கூட்டப்பட்டது. மருந்தும் ஸ்கானும் தனியார் வைத்தியசாலைக் கட்டிலும் விலை ஏறினால் காப்புறுதித் தவணைக்கட்டணமும் ஏறத்தான் செய்யும். அதிலும் சின்னக் கடைக்குத்தான் அடி கூட. ஏழு பேர் உள்ள குழுவில் ஒருவருக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்தால், எல்லாரும் கட்டின காசை அந்த ஒரு பில்லே விழுங்கிவிடும். அடுத்த வருசம் புதுப்பிக்கப் போனால் கட்டணம் எகிறும். முந்நூறு பேர் உள்ள நிறுவனத்தில் அதே செலவு பெரிதாகத் தெரியாது.

அப்ப என்ன செய்யலாம்?

முதலில், ஏற்கனவே சட்டத்தில் இருப்பதை எடுப்போம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.ரீ.எப்.புக்கு, முதலாளி சம்பளத்தின் 3 வீதத்தைத் தன் கையிலிருந்து கட்டவேண்டும். எங்கள் சம்பளத்தில் அதைக் கழிக்க முடியாது. கனபேர் இதை வேலையை விட்டபிறகு எடுக்கிற காசு எண்டுதான் நினைக்கினம். வேலையில் இருக்கும்போதே இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்தல், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுதல் ஆகியவற்றுக்கும் அந்த நிதியத்தில் உதவித் திட்டங்கள் இருக்கு. “ஈ.பி.எப்., ஈ.ரீ.எப். வேண்டாம், கையில கூடத் தாறன்” எண்டு சொன்னால் சந்தோசப்படாதேங்கோ. நீங்கள் விற்பது இந்த உரிமையைத்தான். ஈ.பி.எப்.புக்கான 12 வீதத்தோடு சேர்த்தால் முதலாளிக்கு 15 வீதம். சின்னக் கடைக்கு அது பாரம்தான். ஆனால் அதைக் கட்டாமல் காப்புறுதி பற்றிக் கதைப்பது அத்திவாரம் இல்லாமல் கூரை போடுற வேலை.

இரண்டாவது, எங்களுக்கு உண்மையில் எது தேவை எண்டு பார்ப்போம். யாழ் போதனா வைத்தியசாலையில் கட்டிலுக்கும் சத்திரசிகிச்சைக்கும் காசில்லை. காசு போவது வெளியில் எடுக்கச் சொல்லும் பரிசோதனைக்கும், பார்மசிக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும்தான். கொழும்புத் தனியார் வைத்தியசாலையை மனசில் வைத்துச் செய்த திட்டத்தை வாங்கி ஏன் அந்தக் கட்டணம் கட்டவேணும்? அரச வைத்தியசாலையில் தங்கும் நாளுக்கு இவ்வளவு எண்டு காசு தரும் திட்டத்தோடு, பெரிய சத்திரசிகிச்சைக்கு மட்டும் காப்பு எடுக்கலாம். காய்ச்சல், தடிமன் பில்களை உள்ளே சேர்த்தால் கட்டணம்தான் கூடும்.

மூன்றாவது, சேர்ந்து எடுப்போம். ஏழு பேருக்குத் தாங்காத செலவை இருநூறு பேர் தாங்கலாம். ஒரே வீதியில் இருக்கிற முப்பது கடைகள் ஒரு வணிகர் சங்கத்தின் பெயரில் ஒரே குழுவாகப் போய்ப் பேரம் பேசலாமே. போட்டிக் கடைக்காரர் எப்பிடிச் சேருவினம் எண்டு கேட்கலாம். பண்டிகைக் கால விளம்பரத்துக்கும் கோயில் உபயத்துக்கும் சேருகினம்தானே. மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையைத் தொடங்கினதும் தனித்தனியாக அதைக் கட்ட முடியாத ஊராக்கள்தான்.

ஒரு நிபந்தனை மட்டும். எந்தத் திட்டம் எண்டு தீர்மானிக்கிற மேசையில் வேலை செய்யிற ஆக்களும் இருக்கவேணும். கர்ப்பகாலம், வயதான அம்மா அப்பா, முன்பிருந்த வருத்தங்கள் இதில் அடங்குமா எண்டு கேட்கப்போவது அவர்கள்தான்.

இந்த மாதம் சம்பளச் சீட்டு கைக்கு வந்தால் ஈ.ரீ.எப். எண்ட வரி இருக்கா எண்டு பாருங்கோ. சீட்டே தராவிட்டால், அதைத்தான் முதலில் கேட்கவேணும்.