பரிணாமம் பறிக்கப்படுவது யாரிடமிருந்து?

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் “மரபுவழியும் பரிணாமமும்” என்றிருந்த பாடம், இன்று வெறும் “மரபுவழி” என்று சுருங்கிவிட்டது. கொரோனா காலப் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லியே என்சிஇஆர்டி இந்தப் பகுதிகளை நீக்கியது. பெருந்தொற்று தணிந்து பள்ளிகள் இயல்புக்குத் திரும்பிய பின்னும், 2023இல் வெளியான பாடநூலில் அவை இடம்பெறவில்லை. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தும் ஒன்றிய பாஜக அரசு அசையவில்லை.

“12ஆம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே” என்பது அரசின் பதில். அங்கே உயிரியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் எத்தனை பேர்? பத்தாம் வகுப்போடு வேலைக்குச் செல்லும் தொழிலாளி, விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இதுதான் கடைசி அறிவியல் பாடம். பறிக்கப்படுவது அந்தப் பிள்ளையிடமிருந்துதான்.

இது தற்செயலானதல்ல. குரங்கு மனிதனாக மாறியதை எவரும் பார்த்ததில்லை, எனவே டார்வின் கோட்பாடு தவறு என்று 2018 ஜனவரியில் பேசியவர் அன்றைய மனிதவள மேம்பாட்டுத்துறை இணையமைச்சர் சத்யபால் சிங். இன்றைய குரங்கு மனிதனானது என்று பரிணாமவியல் எங்கும் கூறவில்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை உண்டு என்றே கூறுகிறது. பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் கூட்டறிக்கை வெளியிட்டு அமைச்சரை மறுத்தன.

கண்ணெதிரே சான்றுகள்

பார்க்க விரும்புவோருக்கு அதே பெங்களூருவில் சான்றுகள் உண்டு. லால்பாக் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். அது உருவானபோது பூமியில் வாழ்ந்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே. ஜக்கூரிலுள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில், விரைவாக வளர்பவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட பழ ஈக்கள், வளர்ச்சிக் காலம் குறுகி, உடலும் சிறுத்து மாறியிருக்கின்றன. மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமி உருவாவதும் பரிணாமமே. மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தக்கூடாது என்பதை ஏழைப் பிள்ளை அறிய வேண்டாமா?

எதைக் கண்டு அச்சம்?

மனிதர் அனைவரும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே இனத்தின் வழித்தோன்றல்கள். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று எவருமில்லை. உயிரினங்களே மாறிவந்திருக்கும்போது, சமூக அமைப்பு மட்டும் மாறாதது என்று எப்படிச் சொல்ல முடியும்? வர்ணாசிரமத்தைப் போற்றும் ஆர்எஸ்எஸ் கூட்டத்திற்கு இந்தக் கேள்விதான் உறுத்துகிறது. மனிதனை உருவாக்கியதில் உழைப்பின் பங்கை ஏங்கெல்ஸ் 1876இல் விளக்க முனைந்தபோது அவருக்கு அடித்தளமாக இருந்ததும் டார்வினின் கண்டுபிடிப்பே.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசியல் சட்டத்தின் 51ஏ(எச்) பிரிவு. பரிணாமப் பாடத்தை ஒன்றிய அரசு பத்தாம் வகுப்புக்கு உடனே திருப்பித் தர வேண்டும். அதுவரை மாநில அரசுகள் துணைப்பாடமாகவேனும் அதைக் கற்பிக்க வேண்டும். மாணவர், ஆசிரியர், அறிவியல் இயக்கங்கள் ஒன்றுபட்டு இதனை வென்றெடுக்க வேண்டும்.