சுறாவின் தாடையும் மலைநாட்டு மாணவரும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, கல்லூரிக் கால நினைவுகளையே யான் எழுதுவேனென்று அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அந்நினைவுகளை என்னிலும் சுவைபட எழுதவல்ல அன்பர்கள் பலர் உளர். யான் எழுதப் புகுவதோ ஒரு விண்ணப்பம். கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள இம்மாத்தளையிலே, நம் கல்லூரியின் ஆய்வுகூடத்திலே, சுறாமீனின் தாடைகள் சில, பெயரும் ஊரும் நாளும் முறையாக எழுதப்பெற்று, மாணவர் கையிலெடுத்துப் பார்க்கத்தக்க வகையில் வைக்கப்படல் வேண்டும் என்பதே அது. நகைப்போர் நகைக்கலாம், படித்து முடித்தபின் நகைக்குமாறு மட்டும் வேண்டுகின்றேன்.

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் சுறா நமக்கு அந்நியமன்று. கோப்பித் தோட்டக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையிலிறங்கித் தம்புள்ளை வழியாகக் கால்நடையாக இவ்வூரை அடைந்தனர். அன்று அவர்களுக்கு வாய்த்த கறி பெரும்பாலும் கருவாடே. இன்றும் நம் சந்தையில் சுறாக் கருவாடு தொங்காத நாளில்லை. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா வறை கொடுக்கும் வழக்கமும் நம்மவரிடையே அற்றுப்போகவில்லை. ஆனால் நம்மிடம் வந்துசேரும் சுறாவுக்குத் தலை இல்லை! கரையிலேயே செட்டை ஒருபுறமும் தலை ஒருபுறமும் போக, கீறி உப்பிட்டு உலர்த்திய உடற்கண்டமே மலையேறுகின்றது. இன்ன சுறா இதுவென்று அறிவதற்குத் தலைசிறந்த சான்றாகிய பல், கடற்கரைக் குப்பையிற் கிடக்கின்றது. நம் மாணவன் சுறாவைத் தின்கின்றான். பரீட்சைக்காகப் படமும் வரைகின்றான். அதன் முகத்தை மாத்திரம் ஒருநாளும் கண்டானல்லன்.

அதனாலென்ன குறை எனின், சொல்கின்றேன். சுறாவின் பல்லமைப்பு நம் பல்லமைப்பை ஒத்ததன்று. நமது பற்கள் தாடையென்பிலுள்ள குழிகளிற் பொருந்தி நிற்பவை. சுறாவுக்கோ என்பே இல்லை. அதன் சட்டகம் முழுவதும் கசியிழையம், அதாவது குருத்தெலும்பு. பற்கள் அக்கசியிழையத்தில் ஊன்றப்படவில்லை. அதனைப் போர்த்துள்ள நாரிழையத்தோலிற் பற்றிக்கொண்டிருக்கின்றன. உலர்ந்த தாடை ஒன்றைக் கையிலெடுத்து வெளிப்புறம் பார்ப்பவன் ஒரு வரிசைப் பல்லையே காண்பான். அதனைத் திருப்பி உட்புறம் பார்ப்பானாயின், நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு பல்லுக்கும் பின்னே அதன் வாரிசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து, நுனி கீழ்நோக்கப் படுத்திருக்கும் காட்சியைக் காண்பான். உள்ளே முளைக்கும் பல் சிறிது சிறிதாக முன்னகர்ந்து, விளிம்பை எட்டியதும் நிமிர்ந்து, சில காலம் தொழில்செய்து, பின் கழன்று கடலில் வீழ்கின்றது. இளஞ்சுறாக்கள் சிலவற்றிலே ஏறத்தாழ எட்டு நாட்களுக்கு ஒருமுறை ஒரு வரிசை மாறுவதாக அளந்து கண்டுள்ளனர். நீர் குளிர்ந்தால் இம்மாற்றம் தாமதிக்கும்.

கணித வகுப்பில் நிரை, நிரல் என்று படித்தோமல்லவா? சுறாவின் வாய் அத்தகையதோர் அட்டவணை. தாடை விளிம்பின் வழியே செல்வது நிரை; விளிம்பிலிருந்து உள்நோக்கிச் செல்வது நிரல். நிரல்களை எண்ணினால் மீனின் இனத்தை அணுகலாம். நம் கடல்களிற் பிடிபடும் பெருஞ்சுறாக்கள் பலவற்றுக்கு மேற்றாடையில் ஏறத்தாழ முப்பது நிரல்கள். உடலிலே மிகப் பெரியதாகிய திமிங்கிலச் சுறாவுக்கோ ஏறக்குறைய 300 நிரல்களில் 3,000 க்கு மேற்பட்ட நுண்ணிய பற்கள். அவற்றால் அது எதனையும் கடிப்பதில்லை. எண்ணிக்கையோடு வடிவையும் நோக்குதல் வேண்டும். புலிச்சுறாவின் பல் சேவற்கொண்டை போன்று ஒருபுறம் சாய்ந்து, ஆழ்ந்த வெட்டும் வாட்பல் விளிம்பும் உடையது. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரேவிதமானது. பிற பெருஞ்சுறாக்கள் பலவற்றிலே மேற்பல் அகன்ற கத்தி, கீழ்ப்பல் ஒடுங்கிய முள். கீழ்ப்பல் இரையைக் குத்திப் பிடிக்க, மேற்பல் தலையசைவோடு அறுக்கின்றது. மேற்றாடை மண்டையோட்டோடு ஒன்றிப் போகாமல் தளர்வாகத் தொங்குவதால், கடிக்கும்போது அதனை முன்தள்ளவும் இயலும். இவையனைத்தையும் சித்திரத்தில் ஒரு பிள்ளைக்கு விளக்க ஒரு பாடவேளை போதாது. தாடையைக் கையிற் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் அவனே கண்டுகொள்வான். விரலிலும் சிறிது கீறிக்கொள்வான்.

உதிரிப் பல் போதாதோ, கடற்கரைக் கடைகளிலே சங்கிலியிற் கோத்து விற்கின்றார்களே என்பர் சிலர். போதாது. பல் இருந்தும் அது நின்ற இடம் தெரியாமையால் பேரறிஞரும் இடறியிருக்கின்றனர். அழிந்தொழிந்த பேருருச் சுறாவாகிய மெகலடோனின் உதிரிப் பற்களைக்கொண்டு, நியூயோர்க் இயற்கை வரலாற்று நூதனசாலைக்காகப் பாஷ்போர்ட் டீன் என்பார் 1909 ஆம் ஆண்டளவில் அதன் தாடையை அமைத்தார். மனிதர் பலர் அதனுள்ளே அமர்ந்து படமெடுத்துக்கொண்டனர். ஓரத்துப் பற்களும் முன்பற்களையொத்த அளவினவென்று கருதிப் பொருத்தியமையே பிழை. அவ்வமைப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பெரிதாகிவிட்டதென்று பின்னர்த் தெரிந்தது. இதனினும் விந்தையானது எலிக்கோபிரியன் கதை. உருசியாவிற் கிடைத்த, சங்குச்சுருள் போன்ற அதன் பற்றொடரை 1899 இல் கார்ப்பின்ஸ்கி விவரித்தார். அச்சுருள் மூக்கின்மேல் இருந்ததென்றும், முதுகில் இருந்ததென்றும், வாலில் இருந்ததென்றும் நூறாண்டுக்கு மேல் வழக்காடினர். ஐடகோவிலிருந்த மாதிரியொன்றைக் கதிர்ப்படம் பிடித்து ஆராய்ந்து, அது கீழ்த்தாடையின் நடுவிலேதான் இருந்ததென்று 2013 இல் நிறுவினர். பல் எழுத்தென்றால் தாடை வாக்கியம். எழுத்துக்களைக் குலுக்கி எடுத்தவன் பொருள் காண்பது அரிது.

மறுபுறம், ஒரேயொரு முழுத் தலை செய்த உபகாரத்தையும் சொல்லல் வேண்டும். 1666 இல் இத்தாலியின் லிவோர்னோக் கரையிற் பிடிபட்ட பெருஞ்சுறாவொன்றின் தலை, புளோரன்சு நகரிலிருந்த ஸ்தேனோவிடம் அனுப்பப்பட்டது. பாறைகளிற் கிடைத்த "நாக்குக் கற்கள்" பாம்பின் நாக்குக் கல்லானவை என்று அக்காலத்தார் பலர் நம்பியிருந்தனர். அத்தலையின் பற்களோடு ஒப்புநோக்கி, அவை சுறாப் பற்களே என அவர் 1667 இல் எழுதினார். பாறைப்படைகளின் வரலாற்றைப் படிக்கும் சாத்திரம் அத்தலையிலிருந்து வளர்ந்ததென்றால் மிகையாகாது.

இத்துறை மேனாட்டார்க்கே உரியதென்று எண்ணவும் வேண்டாம். இலக்னோவிலே இசபெல்லா தோபேன் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஈ. எம். தில்லையம்பலம் என்னும் இலங்கைத் தமிழ்ப் பெண்மணி, இந்தியக் கடற் சுறாவின் உடலமைப்பு முழுவதையும் ஆராய்ந்து 1928 இல் நூலொன்று வெளியிட்டார். விலங்கியல் பயின்ற எத்தனையோ மாணவர் அந்நூலை வைத்தே சுறாவை அறுத்துக் கற்றனர். நம் பாடசாலை எதிலும் அவர் பெயரை யான் கேட்டதில்லை. கொழும்பு நூதனசாலையை நடத்திய பி. ஈ. பீ. தெரணியகலை, இலங்கை மீன்களை வண்ணப் படங்களோடு 1952 இல் வெளியிட்ட நூலும் நம் நூலகங்களுக்கு உரியதே.

இனி என் அநுபவம். திருகோணமலைக்கு நூறு மைலளவு பயணம். அங்கே உத்தியோக நிமித்தம் இருந்த காலத்தில், மீன் துறையிலே எறியப்பட்ட தலையொன்றைக் கேட்டு வாங்கினேன். தந்தவர் காசு கேட்கவில்லை. என் புத்தியைப் பற்றி ஐயுற்றார் என்றே நினைக்கின்றேன். சதை எளிதிற் கழலட்டுமென்று அதனைப் பெரிய பானையில் இட்டு அவித்தேன். சதை கழன்றது, அதனோடு பற்களைப் பிடித்திருந்த தோலும் கூழாயிற்று, பற்களெல்லாம் பானையின் அடியில் வீழ்ந்தன. சுறாவின் இறைச்சியிலுள்ள யூரியா சிதைந்து அமோனியாவாகும் என்பதை நூலிற் படித்திருந்தேன். என் மனைவி படிக்காமலே அன்று அறிந்தாள். பானையையும் இழந்தேன். அடுத்த தாடையை அவிக்கவில்லை. கத்தியாற் பொறுமையோடு சதையைச் சுரண்டி, உப்புநீரில் ஊறவைத்து, மீண்டும் சுரண்டி, வாய் திறந்த நிலையிற் சிறு மூங்கிற் சட்டத்திற் கட்டி நிழலில் உலர்த்தினேன். வெயிலில் வைத்தாற் கசியிழையம் முறுகி வளைந்துவிடும். அத்தாடை இன்றும் ஒரு பல்லும் குறையாமல் என்னிடம் உள்ளது.

மூன்றாவது தாடை கடையிற் பணங்கொடுத்து வாங்கியது. மெருகிட்டது, மூன்றினும் அழகியது, மூன்றினும் பயனற்றதும் அதுவே. எவ்வூரில், எந்நாளில், எவ்வளவு நீளமான மீனிலிருந்து, ஆணோ பெண்ணோ என்று கேட்டால் விடையில்லை. அதனை வாங்கியதற்கு இன்று வருந்துகின்றேன். யான் கொடுத்த பணம் இன்னொரு சுறாவின் தலைக்கு விலை வைத்ததேயன்றி வேறென்ன செய்தது?

இதனை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. பெருங்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 1970 தொடக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு 71 பங்கு குறைந்துவிட்டன என்று 2021 இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வொன்று கூறுகின்றது. சவுக்குப்போல் நீண்ட வாலையுடைய சுறாவினத்தைப் பிடிப்பது நம் நாட்டில் 2012 இல் தடைசெய்யப்பட்டது. இவற்றினும் துயரமானது வேளாச்சுறாவின் கதி. சுறா என்று பெயர்பெற்றாலும் அது திருக்கைக்கு உறவு. அரம்போன்ற அதன் மூக்குக் கொம்பு எல்லோரும் அறிந்தது. பரதவர் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. இலங்கை மீனவரை வினவி 2021 இல் வெளியிட்ட ஆய்விலே, மூத்தோர் கண்ட வேளாச்சுறாவை இளையோர் ஏறக்குறைய கண்டதேயில்லை என்பது புலனாயிற்று. கீழ்க்கரையூர் ஒன்றிலே ஒரு வீட்டுச் சுவரில் அதன் கொம்பு தொங்கக் கண்டேன். எப்போது, எங்கே பிடித்ததென்று வீட்டுப் பெரியவரைக் கேட்டேன். "அப்பு காலத்திலை, தம்பி" என்றார். அவ்வளவே. அக்கொம்பின் பின்புறத்தில் ஊரும் ஆண்டும் ஒருவர் எழுதியிருப்பாரேல், இவ்வினம் எக்கரையில் எப்போது மறைந்தது என்பதற்கு அது சாட்சியாகியிருக்கும். இப்போது அது வெறும் அலங்காரம்.

இந்துக் கல்லூரியிலே, சரசுவதி பூசை நிகழும் வளாகத்திலே மீன்தலையா என்று கேட்கும் அன்பர்களும் உளர் என்பதை அறிவேன். அவர்கள் மனத்தைப் புண்படுத்துவது என் நோக்கமன்று. நன்கு உலர்ந்த தாடையில் ஊனுமில்லை, நாற்றமுமில்லை. கொல்லாமையை மேற்கொண்டோர் அஞ்சவேண்டியது, காட்சிக்காகக் கொல்லுவதையும் காசுகொடுத்து வாங்குவதையுமே. அவ்விரண்டையும் யானும் மறுக்கின்றேன். உணவுக்குப் பிடித்து எறிந்த தலையை மட்டுமே ஏற்றல் வேண்டும்; விலை கொடுத்தல் ஆகாது; தடைசெய்யப்பட்ட இனத்தைத் தொடவும் ஆகாது; விவரம் எழுதாத தாடையைக் கண்ணாடிப் பேழையில் வைக்கவும் ஆகாது. படமும் பிளாத்திக்கு உருவும் போதுமென்பார்க்கு ஒன்று சொல்வேன்: பிளாத்திக்கு உருவில் செய்தவன் அறிந்தது மட்டுமே இருக்கும். ஆண்மீனின் பல் பெண்மீனின் பல்லிலிருந்து வேறுபடுவதையோ, முள் குத்திய ஒரு நிரலிலே பற்கள் தலைமுறை தலைமுறையாகக் கோணி முளைப்பதையோ அதில் எந்த மாணவனும் புதிதாகக் காணமாட்டான்.

என்னிடமுள்ள தாடைகளில் விவரம் எழுதிய இரண்டைக் கல்லூரிக்கு அளிக்கச் சித்தமாயிருக்கின்றேன். ஒன்று புலிச்சுறா, மற்றது கொம்பன் சுறாவின் குட்டி. இறக்கிய துறை, நாள், மீனின் நீளம், பால் ஆகியவற்றை அட்டையிலெழுதி நூலாற் கட்டியிருக்கின்றேன். நிரல்களின் எண்ணிக்கைக்குரிய இடத்தை மட்டும் இரண்டிலும் வெறுமையாக விட்டுள்ளேன். அதனை எண்ணி எழுதுவது மாணவர் வேலை. கறையானும் ஈரமும் அணுகாத பேழையொன்றைச் சங்கத்தார் செய்வித்தாற் போதும். கடையில் வாங்கிய மூன்றாவது என் வீட்டிலேயே இருக்கட்டும்.